எட்டு வருஷம் ஓட்டியவரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் போன மாதம் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டேன். என் மருமகன் சீன மின்காடி, அதாவது மின்சாரக் கார், ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்றேன். "சீனா காடியா? மூணு வருஷத்துல பல்ல இளிச்சிரும்ணே" என்றார் எதிரே இருந்த நண்பர். 2007ல் இதே கடையில் இதே மனிதர்தான் என்னைப் பார்த்து, "கொரியா காடியா? டொயோட்டாவ விட்டுட்டா?" என்று சிரித்தார். இன்று அவருடைய மகன் வாங்கி வைத்திருப்பது கொரியக் காடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியும் வாளியுமாக இவர் அதைத் துடைப்பதை நான் பார்க்கிறேன். அதைச் சொல்லிக் காட்டினால் முகம் சுருங்கும் என்று தே ஓவைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு 1994ல் டாக்சிக்கு வந்தவன் நான். 2020ல் கொவிட் வந்து சாலையெல்லாம் காலியானபோது சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் பாதி முழுக்க டொயோட்டா கிரவுன். சோறு போட்ட காடி, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது கிளச் காடி. மாலை நேரத்தில் மத்திய விரைவுச்சாலையில் பிராடலிலிருந்து அங் மோ கியோ வரை ஊர்ந்து வருவதற்குள் இடது முழங்கால் அழும்.

2006 அக்டோபரில் டீசல் வண்டிகளுக்கு யூரோ 4 புகைக் கட்டுப்பாடு வந்தது. இனி புதிதாகப் பதிகிற டீசல் டாக்சி அந்த அளவுக்குள் இருக்க வேண்டும். டாக்சி நிறுவனங்கள் வேறு காடி தேடின. அப்படி வந்ததுதான் நீல நிற ஹூண்டாய் சொனாட்டா. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பிடிக்கவில்லை. எங்கள் காலத்தில் ஹூண்டாய் என்றால் கடலில் மண்ணைக் கொட்டி நிலமாக்குகிற, கட்டடம் எழுப்புகிற கம்பெனி. அவன் காடி செய்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் இளக்காரம்தான். என் மனைவி மட்டும் முதல் நாள் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறி எறங்க நல்லாருக்குங்க" என்றாள்.

ஆட்டோ கியர் என்பதால் முழங்கால் வலி ஒரே வாரத்தில் பாதி போயிற்று. பகலில் நான், இரவில் என் ரிலீஃப் ஓட்டுநர், ஒரு ஹொக்கியன்காரர். மாலை ஐந்து மணிக்கு ஈசூன் அவென்யூ 11ல் சாவியைக் கைமாற்றுவோம். எஞ்சின் ஆறுவதற்கு நேரமே கிடையாது. இருவருமாக ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் ஓட்டுவோம். ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தக் காடியை ஒப்படைத்தபோது மீட்டரில் ஒன்பது இலட்சத்தை ஒட்டி நின்றது. எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்ததே இல்லை. இதில் முழுப் பெருமையும் காடி செய்தவனுக்கு என்று சொல்ல மாட்டேன். டாக்சிக்கு நாள் தவறாமல் எண்ணெய் மாற்றுவார்கள், நாள் தவறினால் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார்கள். வீட்டுக்காடியை அப்படி யார் பார்க்கிறோம்?

அந்த ஏழு வருஷத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டேன். ஆரம்பத்தில் பயணிகள் ஏறியதும் ஸ்டியரிங்கில் உள்ள சாய்ந்த 'எச்' எழுத்தைப் பார்த்து, "அங்கிள், ஹோண்டாவா?" என்பார்கள். ஹூண்டாய் என்றால் ஓர் "ஓ" போடுவார்கள். மூன்று நான்கு வருஷம் கழித்து அதே ஆட்கள், "அங்கிள், இது எப்படி? பிரச்சினை உண்டா? வாங்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். விற்பனைக் கூடத்தில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பது ஒன்று. சாங்கியிலிருந்து சுவா சூ காங் வரை, மழையில், மூன்று பெட்டிகளோடு பின்னால் உட்கார்ந்து வருவது வேறு. ஊர் முழுக்க அப்படி உட்கார்ந்து பார்த்தது. அதிலும் ஒரு கோணல் உண்டு. காடியைப் பற்றி நல்லபடியாகக் கேட்டுவிட்டு, "ஆனா இத வாங்குனா டாக்சின்னு கைய காட்டுவாங்களே" என்று பின்வாங்கியவர்கள் நிறையப் பேர். சொனாட்டாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் நாங்கள்தான், கெடுத்ததும் நாங்கள்தான் போலிருக்கிறது.

பயணி கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. ஓய்வு நாளில் நார்த்பாயிண்டில் உள்ள நூலகத்தில் உட்கார்ந்து இந்தக் கம்பெனியின் கதையைத் தேடிப் படித்தேன். ஸ்தாபகர் சுங் ஜு யுங், இப்போது வட கொரியாவில் இருக்கிற ஒரு கிராமத்துக் குடியானவர் மகன். அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடியவர். அரிசிக் கடை, அப்புறம் காடி பழுதுபார்க்கும் பட்டறை, அப்புறம் கட்டுமானம், 1967ல் மோட்டார் கம்பெனி. 1998ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, எல்லைக் கோட்டைக் கடந்து வட கொரியாவுக்கு 1,001 மாடுகளை இரண்டு தவணையாக ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார். ஒரு மாட்டுக் கடனுக்கு வட்டி ஆயிரம் மாடு! இதைச் சொன்னால் சிரிக்காத பயணியே கிடையாது.

ஆனால் காடி விஷயத்தில் அவர்கள் கடன் தீர்க்க நாளாயிற்று. 1986ல் எக்ஸெல் என்ற சின்னக் காடியை அமெரிக்காவில் 4,995 டாலருக்கு இறக்கினார்கள். முதல் வருஷமே 1,68,882 காடிகள் விற்றன. அத்தனை பேரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பழுது, துரு என்று வந்து நின்றால் என்ன ஆகும்? மலிவு என்று வாங்கியவர் அக்கம்பக்கத்துக்கெல்லாம் எதிர் விளம்பரம் ஆனார். தொலைக்காட்சியில் இரவு நகைச்சுவை செய்கிறவர்களுக்கு ஹூண்டாய் பத்து வருஷத்துக்குத் தீனி போட்டது.

அதிலிருந்து மீண்டதுதான் எனக்கு ஆச்சரியம். 1998 கடைசியில், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்து வருஷம் அல்லது ஒரு இலட்சம் மைல் உத்தரவாதம் என்று அமெரிக்காவில் அறிவித்தார்கள். முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், இருந்தாலும் பத்து வருஷம். இதை நம்மூர்க் கண்ணால் பாருங்கள். காடி வைத்திருக்க நாம் ஏலத்தில் எடுக்கிற வாகன உரிமைச் சான்றிதழ் நமக்குக் கொடுப்பது பத்து வருஷம். சிங்கப்பூர்க் கணக்கில் ஒரு காடியின் முழு ஆயுளுக்கும் பொறுப்பு ஏற்றுக்கொண்ட மாதிரி. கெட்ட காடியைச் செய்துவிட்டு அப்படி வாக்குக் கொடுத்தால் கம்பெனியே திவாலாகிவிடும். ஆகவே முதலில் காடியைத் திருத்தியாக வேண்டும். 1999ல் பொறுப்புக்கு வந்த மகன் சுங் மொங் கூ, அதற்கு முன் கம்பெனியின் பழுதுபார்ப்புப் பிரிவை நடத்தியவர். விற்ற காடி எந்த நிலையில் திரும்பி வரும் என்பதை அங்கே இருந்து பார்த்தவர். 2004ல் ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் புதுக் காடிகளைப் பற்றி எடுத்த ஆரம்பத் தரக் கணக்கெடுப்பில் டொயோட்டாவுக்கு அடுத்து ஹோண்டாவும் ஹூண்டாயும் சமமாக நின்றன. நான் சொனாட்டாவில் ஏறுவதற்கு மூன்று வருஷம் முன்பு. அதாவது நாங்கள் கோப்பிக்கடையில் சிரித்தது பழைய காடியைப் பார்த்து. எதிரே நின்றது புதிய காடி.

என் மைத்துனர் பூந்தமல்லியில் இருக்கிறார். அங்கிருந்து ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிற இருங்காட்டுக்கோட்டை கூப்பிடு தூரம். 1998 செப்டம்பரில் ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தபோது அங்கேயும் இதே பேச்சுதான் என்பார். உயரமாக, பெட்டி மாதிரி இருக்கிறதே என்று கேலி. அவர் 2000ல் ஒன்று வாங்கினார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதில்தான் கும்பகோணம் போவோம். மாமியாருக்கு அப்போதே எழுபது வயது. வேறு எந்தக் காடியிலும் குனிந்து, முனகிக்கொண்டு ஏறுவார். சான்ட்ரோவில் வீட்டுத் திண்ணையில் உட்காருவதுபோல் உட்காருவார். கேலி செய்த அந்த உயரம்தான் காரணம். பதினான்கு வருஷம் வைத்திருந்து, கடைசியில் தெருவில் காடி ஓட்டப் பழகுகிற ஒரு பையனுக்குக் கொடுத்தார். அந்தப் பாசத்தில், 2024 அக்டோபரில் ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தபோது 1,960 ரூபாய் விலையில் பங்கும் எழுதினார். முதல் நாளே ஏழு சதவீதம் இறங்கியது. "காடிய வாங்குனதோட நிறுத்தியிருக்கணும் மச்சான்" என்றார். அது வேறு கதை.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகள் 2016ல் ஹூண்டாய் எலான்ட்ரா வாங்கினாள். அப்போது சிறிய காடிகளுக்கான 'ஏ' பிரிவுச் சான்றிதழ் ஐம்பதாயிரம் வெள்ளிக்குச் சற்று மேலே. மொத்த விலையில் பாதி அதற்கே போயிற்று. இந்த ஊரில் மலிவுக் காடி என்று ஒன்று இல்லை என்பது என் கருத்து. 2008 நவம்பரில் அதே சான்றிதழ் இரண்டு வெள்ளிக்குப் போனது, இரண்டே வெள்ளி. 2023 அக்டோபரில் 1,06,000. தரமான கம்பெனியின் காடிக்கும் தரமில்லாததற்கும் காகிதம் ஒரே விலைதான். காடி செய்தவன் எட்டாயிரம் பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் அந்த மலைக்குப் பக்கத்தில் அது கூழாங்கல். பட்ட கஷ்டத்துக்கு ஏற்ற காடியாக இருக்க வேண்டாமா? அதனால்தான் பேர் விஷயத்தில் நமக்கு இவ்வளவு பயம்.

மகளுடைய காடியை நான்தான் சின் மிங்கில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோவேன். 2017 கடைசி வரை, உத்தரவாதக் காலத்தில் முகவரின் பட்டறையைத் தவிர வேறு எங்கே தொட்டாலும் உத்தரவாதம் போய்விடும் என்று பல முகவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு பெரிய முகவர்கள் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். வெளிப்பட்டறை செய்த வேலையால்தான் பழுது என்றால் மட்டுமே மறுக்கலாம். இது இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாது. சின் மிங் மெக்கானிக் எந்தக் காடியையும் புகழ மாட்டார், இகழவும் மாட்டார். அவர் பார்ப்பது ஒன்றுதான்: சாமான் எத்தனை நாளில் வரும். எலான்ட்ராவுக்குக் காலையில் சொன்னால் மறுநாள் வந்துவிடும். ஒன்பது வருஷத்தில் மாற்றியது பிரேக் பேட், பேட்டரி, டயர், ஏர்கான் வடிகட்டி. இதற்குமேல் அந்தக் காடியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காடியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பாராட்டு.

பேரை மட்டும் நம்பி நான் பட்டதும் உண்டு. 2010ல் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக நானும் தம்பியும் சேர்ந்து ஆறு வயசுக் காடி ஒன்றை வாங்கினோம். பேர் வேண்டாம், கேட்டால் எல்லாரும் தலையாட்டுகிற பேர். அந்தப் பேருக்காகவே எஞ்சினைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷம் காடியோடே வாழ்ந்தவன்! நான்காவது மாதம், அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு செலேத்தார் விரைவுச்சாலையில் போகையில் கியர்பாக்ஸ் போயிற்று. ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். விற்றவர், "அங்கிள், பழைய காடி, பார்த்துத்தானே வாங்குனீங்க" என்றார். பழுதுபார்க்க 4,200 வெள்ளி. 2012 செப்டம்பரில்தான் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாட்டுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம் வந்தது, பழைய காடிக்கும் சேர்த்து. எங்களுக்கு இரண்டு வருஷம் தாமதம்.

ஹூண்டாயையும் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. பேர் வந்த பிறகு கைநழுவியதும் அங்கே நடந்தது. தீட்டா 2 என்ற எஞ்சினில் கோளாறு என்று 2015ல் அமெரிக்காவில் 4,70,000 சொனாட்டாக்களைத் திரும்ப அழைத்தார்கள். சொன்னது தாமதம், சொன்ன விதம் சரியில்லை என்று 2020ல் ஹூண்டாய்க்கும் அதே குழுமத்தின் கியாவுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் தண்டத்துக்கு ஒப்பந்தமானது. விஷயத்தை அதிகாரிகளிடம் கொண்டுபோனவர் கம்பெனியின் சொந்தப் பொறியாளர், கிம் குவாங் ஹோ. அடுத்து திருட்டு. சாவி இல்லாமல் எஞ்சின் ஓடவிடாத பூட்டுச் சாதனத்தை அமெரிக்க மாடல்கள் பலவற்றில் வைக்காமலே விற்றார்கள். விடலைப் பையன்கள் யுஎஸ்பி கம்பியின் முனையை வைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள், அதைப் படம் பிடித்தும் போட்டார்கள். பக்கத்து நாடான கனடாவில் அந்தச் சாதனம் சட்டப்படி கட்டாயம். ஆகவே அங்கே விற்ற காடிகளில் அது இருந்தது. சில டாலர் மிச்சம் பிடித்த இடத்தில்தான் அந்தப் பழைய எக்ஸெல் புத்தி எட்டிப் பார்த்தது என்று நினைக்கிறேன். இத்தனைக்கும் 2022ல் ஹூண்டாய் கியா குழுமம் விற்பனையில் உலகத்தில் மூன்றாவது. அதே வருஷம் ஹூண்டாயின் மின்காடி அயோனிக் 5 உலகின் சிறந்த காடி விருதும் வாங்கியது.

அந்த அயோனிக் 5 நம் ஜூரோங்கிலேயே செய்யப்படுகிறது என்றால் பழைய ஆட்கள் நம்ப மாட்டார்கள். தொழிற்சாலையை 2023 நவம்பரில் திறந்தார்கள். வரிசையாக நகரும் பட்டை கிடையாது. தனித்தனி அறைகள், ஏறத்தாழப் பாதி வேலைக்கு இயந்திரக் கைகள். கூரைமேல் 620 மீட்டருக்கு ஓட்டிப் பார்க்கும் தடம். போன வருஷம் பேரன் அழைத்துப் போனான். வேலையைச் சரிபார்க்க நாய் மாதிரி நாலு காலில் ஓர் இயந்திரம் நடந்து வந்தது, பேரனை விட எனக்குத்தான் பயம். புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலை 1980ல் மூடியபோது இனி இந்த ஊரில் காடி செய்ய மாட்டார்கள் என்று எங்கள் பட்டறையில் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. கூரைத் தடத்தின் வளைவில் காடி சாய்ந்தபோது, 2007ல் சிரித்த நண்பர் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

இப்போது சீனக் காடிக்கு வருகிறேன். 2024ல் இந்த ஊரில் மிக அதிகமாக விற்றது பிஒய்டி. பேட்டரி செய்து பிழைத்த கம்பெனி, 1995ல் ஆரம்பித்தது. நண்பர் சிரிப்பதால் அது கெட்ட காடி ஆகிவிடாது. நிறைய விற்பதால் நல்ல காடியும் ஆகிவிடாது. எக்ஸெல்லும்தான் நிறைய விற்றது. எனக்குள்ள பயம் காடி பழுதாவதைப் பற்றி அல்ல. கொரியாவில் ஹூண்டாய்க்குப் பக்கத்திலேயே டேவூ என்று பெரிய கம்பெனி இருந்தது. 2000ல் நொடித்துப் போயிற்று, இந்தியாவில் இருந்த தொழிற்சாலையும் மூடியது. வாங்கியவர் காடியை வைத்துக்கொண்டு சாமானுக்கு எங்கே போவார்? இன்று சீனாவிலிருந்து இத்தனை பேர்கள் வருகின்றன. இவர்களில் யார் சுங் மொங் கூ, யார் டேவூ என்பதை விற்பனைக் கூடத்தின் பளபளப்பில் கண்டுபிடிக்க முடியாது.

அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் நாளிதழில் புதுக் காடி வந்தால் படம் போட்டு, விலை போட்டு, சார்ஜ் எத்தனை கிலோமீட்டர் நிற்கும் என்று எழுதுகிறீர்கள். தவறில்லை, நானும் ஆவலாகத்தான் படிக்கிறேன். அதோடு மாதம் ஒரு பத்தியாவது, காடியை ஐந்து வருஷம் எட்டு வருஷம் ஓட்டியவரைக் கேட்டு எழுதுங்கள். டாக்சி ஓட்டுநர், தனியார் வாடகைக் காடி ஓட்டுநர், மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற தாய், சின் மிங் மெக்கானிக். சாமான் வர எத்தனை நாள் ஆயிற்று, உத்தரவாதம் என்று போய் நின்றபோது கவுண்டரில் என்ன சொன்னார்கள், பேட்டரியின் பலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, இதைக் கேட்டு எழுதுங்கள். மின்காடிகளில் நான்கைந்து வருஷம் ஓடியவை இப்போது ஊரில் இருக்கின்றன. கேட்க ஆள் கிடைக்கும்.

எங்கள் எலான்ட்ராவுக்கு அடுத்த வருஷம் பத்து வயது முடிகிறது. சான்றிதழைப் புதுப்பிப்பதா, இரும்புக்குப் போட்டுவிட்டுச் சீனக் காடியா என்று மகளும் மருமகனும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் உங்கள் நிருபர் வருவதானால் கோப்பிக்கடைக்கு வரச் சொல்லுங்கள். எலான்ட்ராவை நானே ஓட்டிக் காட்டுகிறேன், நண்பரையும் பின்னால் உட்கார வைக்கிறேன். தே தாரே என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர்,
ஈசூன்.